காத்திருப்பவரின் பங்கு: வரிசைக் கோட்பாட்டில் வாடிக்கையாளரும் சமூக நலனும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

சேவை நிலையங்களில் உருவாகும் காத்திருப்பை ஆராயும் வரிசைக் கோட்பாடு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொலைபேசித் துறையில் தோன்றியது. முதல் அரை நூற்றாண்டில் அது வாடிக்கையாளரை விருப்பமோ முடிவோ இல்லாத ஒரு வருகையாக மட்டுமே கொண்டது. 1950களில் அவருக்குப் பொறுமையின்மையும், 1969இல் ஆதாயக் கணக்கும் வழங்கப்பட்டன. இவ்வளர்ச்சியை எர்லாங் முதல் ஹாசின் வரை இக்கட்டுரை வரலாற்று முறையில் தொகுக்கிறது. நாவோரின் மாதிரியை ஓர் எண் எடுத்துக்காட்டின் வழி ஆராய்ந்து, ‘சமூக நலன்’ உயர்கின்றபோதே காத்திருப்பவரின் பங்கு குறையக்கூடும் என்பதை நிறுவுகிறது. நெரிசல் கட்டணம் குறித்து எடின்பரோவிலும் ஸ்டாக்ஹோமிலும் நடந்த வாக்கெடுப்புகளை இப்பின்னணியில் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வரிசைக் கோட்பாடு, எர்லாங், நாவோர், சமூக நலன், நெரிசல் கட்டணம், கூட்டு முடிவு

முன்னுரை

வரிசையில் நிற்பது ஒருவர் தம் நேரத்தைச் செலுத்திப் பெறும் சேவையாகும். அந்நேரத்தின் அளவை நிகழ்தகவின் துணையால் முன்கூட்டியே மதிப்பிட முடியும் என்பதைக் காட்டியதே வரிசைக் கோட்பாட்டின் முதற்சாதனை. தொலைபேசி, சாலை, மருத்துவமனை, வங்கி, கணினி வலையமைப்பு எனப் பல துறைகளில் இன்று அது பயன்படுகிறது. அதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சூத்திரங்களின் வளர்ச்சியையே பின்தொடர்கின்றனர். அச்சூத்திரங்களுக்குள் வாடிக்கையாளர் எத்தகையவராகக் கருதப்பட்டார், அவருடைய நன்மை யாருடைய கணக்கில் சேர்க்கப்பட்டது ஆகிய வினாக்கள் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளன. இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் களம்.

1. அழைப்பாக இருந்த வாடிக்கையாளர்

டென்மார்க் நாட்டுக் கணிதவியலாளர் அக்னர் க்ராருப் எர்லாங் (1878–1929) 1908இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். தம் பெயரால் வழங்கும் சமனின்மைக்காகக் கணித உலகில் அறியப்பட்ட யோஹான் யென்சன் அந்நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்தார். அவர் வழியாகவே எர்லாங்குக்கு நிறுவனத்தின் தொடர்பு ஏற்பட்டது. நிறுவனத்தின் மேலாண்மைப் பொறுப்பிலிருந்த ஃபிரெட்ரிக் யோஹான்சென் காத்திருப்பு நேரம் பற்றிய வினாக்களில் ஏற்கெனவே ஈடுபாடு கொண்டிருந்தார். நிறுவனத்தின் முன்னிருந்த சிக்கல் நடைமுறை சார்ந்தது. இணைப்புத் தடங்களைக் குறைத்தால் அழைப்புகள் நிறைவேறா. கூட்டினால் முதலீடு வீணாகும். எத்தனை தடங்கள் போதும்?

தொலைபேசி அழைப்புகளின் வருகை பாய்சான் பரவலைப் பின்பற்றுகிறது என்பதை எர்லாங் 1909ஆம் ஆண்டுக் கட்டுரையில் காட்டினார். 1917இல் வெளியான கட்டுரையில், எல்லாத் தடங்களும் நிறைந்திருக்கையில் அழைப்பு இழக்கப்படும் அமைப்புக்கும், அழைப்பு காத்திருக்கும் அமைப்புக்கும் தனித்தனிச் சூத்திரங்களை வழங்கினார். தொலைபேசிப் போக்குவரத்தின் அலகுக்கு 1946இல் அவர் பெயரே சூட்டப்பட்டது.

இழப்புச் சூத்திரத்தின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு மணி நேரத்தில் கோரப்படும் உரையாடல்களின் மொத்த நீளம் 120 நிமிடம் எனில் போக்குவரத்து 2 எர்லாங் ஆகும். இதற்கு 4 தடங்கள் இருந்தால் ஏறத்தாழ 9.5 விழுக்காடு அழைப்புகள் இழக்கப்படும். ஐந்தாவது தடம் ஒன்றைச் சேர்த்தால் இழப்பு 3.7 விழுக்காடாகக் குறையும். அடுத்த தடத்தின் செலவுக்கு ஈடான பயன் கிடைக்குமா என்பதை நிறுவனம் இவ்வாறு எண்ணிக்கையில் எடைபோட முடிந்தது.

இச்சூத்திரங்களுள் உறையும் வாடிக்கையாளர் இருவகையினர். இழப்பு அமைப்பில் அவர் இணைப்புக் கிடைக்காதபோது மறைந்துவிடுகிறார், மீண்டும் முயல்வதில்லை. காத்திருப்பு அமைப்பில் அவர் எவ்வளவு நேரமாயினும் நிற்கிறார், விலகிச் செல்வதில்லை. இரண்டிலும் அவர் முடிவெடுப்பதில்லை. தடங்களின் எண்ணிக்கையை முடிவு செய்வது நிறுவனம் ஒன்றே. இதை எர்லாங்கின் குறையாகக் கொள்ள இயலாது. அவரிடம் கேட்கப்பட்ட வினா இணைப்பகத்தின் கொள்ளளவைப் பற்றியதேயன்றி அழைப்பவரைப் பற்றியதன்று.

1930களில் பெலிக்ஸ் போலாசெக், அலெக்சாந்தர் கின்ச்சின் ஆகியோர் சேவை நேரம் எவ்வகைப் பரவலைக் கொண்டிருப்பினும் பொருந்தும் முடிவுகளைக் கண்டனர். டேவிட் கென்டல் 1953இல் வரிசைகளை வகைப்படுத்தும் குறியீட்டு முறையை அளித்தார். அம்முறைப்படி, தற்செயல் வருகையும் தற்செயல் சேவை நேரமும் ஒரே பணியாளரும் கொண்ட மிக எளிய வரிசை ‘எம்/எம்/1’ எனப்படுகிறது. அவ்வரிசையில் பணியாளர் 80 விழுக்காடு நேரம் பணியில் இருந்தால் நிலையத்தில் சராசரியாக 4 பேர் இருப்பர். 90 விழுக்காடாயின் 9 பேர். 95 விழுக்காடாயின் 19 பேர். பணியாளரை ஓய்வின்றி வைத்திருக்க விழையும் நிருவாகம் அதன் விலையை வாடிக்கையாளரின் நேரத்தில் வசூலிக்கிறது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. எனினும் அவ்விலையை இக்காலகட்டத்துக் கோட்பாடு கணக்கில் எழுதவில்லை.

2. பொறுமை இழக்கும் வாடிக்கையாளர்

சுவீடன் நாட்டின் கானி பாம் 1940களில் தொலைபேசிப் போக்குவரத்தை ஆராய்ந்தபோது, காத்திருப்போர் பொறுமையிழந்து தொடர்பைத் துண்டிப்பதையும் மாதிரிக்குள் கொணர்ந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்பாட்டு ஆய்வு தனித்துறையாக உருப்பெற்றதும், வரிசைக் கோட்பாடு தொலைபேசிக்கு வெளியே பரவியது. நியூயார்க் துறைமுக ஆணையத்தின் சுங்கச்சாவடிகளில் ஏற்படும் தாமதத்தைப் பற்றி லெஸ்லி ஈடி 1954இல் வெளியிட்ட கட்டுரை இதற்குச் சிறந்த சான்று. சாவடிகளில் எந்த நேரத்தில் எத்தனை பணியாளர் இருக்க வேண்டும் என்பதை அது நேரடி அளவீடுகளின் அடிப்படையில் வகுத்தது. அதற்குச் செயற்பாட்டு ஆய்வுக்கான முதல் லாஞ்செஸ்டர் பரிசு வழங்கப்பட்டது.

ஃபிராங்க் ஹெய்ட் இரண்டு நடத்தைகளைப் பிரித்துக் காட்டினார். நீண்ட வரிசையைக் கண்டு அதில் சேராமலே திரும்புவதை 1957ஆம் ஆண்டுக் கட்டுரையிலும், சேர்ந்தபின் நடுவில் விலகுவதை 1959ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் அவர் ஆராய்ந்தார். ஒரு நிலையத்தில் சராசரியாக இருப்போரின் எண்ணிக்கை, வருகை வீதத்தையும் ஒருவர் அங்குக் கழிக்கும் சராசரி நேரத்தையும் பெருக்கக் கிடைப்பதற்குச் சமம் என்னும் உறவை ஜான் லிட்டில் 1961இல் பொதுவாக நிறுவினார். இதனால் வரிசையின் நீளத்தை அறிந்தால் காத்திருக்கும் நேரத்தை அறியவும், நேரத்தை அறிந்தால் நீளத்தை அறியவும் வழி பிறந்தது.

இக்கட்டத்தில் வாடிக்கையாளர் திரும்பிச் செல்கிறார், விலகுகிறார். ஆனால் ஏன் என்பதற்கு மாதிரிக்குள் விடை இல்லை. அவருடைய பொறுமையும் ஒரு நிகழ்தகவுப் பரவலாகவே கொடுக்கப்பட்டது. அவர் எதை இழந்து எதைப் பெறுகிறார் என்ற ஒப்பீடு இன்னும் தொடங்கவில்லை.

3. விலை பற்றிய விவாதம்

அவ்வொப்பீட்டைத் தொடங்கி வைத்தது ‘ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச்’ இதழில் வெளியான ஒரு கடிதம். வரிசைகளை விலையின் மூலம் குறைக்கலாம் என வேய்ன் லீமன் 1964இல் எழுதினார். அதற்குத் தாமஸ் சாட்டி 1965இல் மறுமொழி வரைந்தார். வரிசைக் கட்டணத்தின் சுமைகளைப் பற்றியது என்பதை அம்மறுமொழியின் தலைப்பே அறிவித்தது. 1967இல் லெனர்ட் கிளைன்ராக், வரிசையில் முன்னிடம் பெறுவதற்காக வாடிக்கையாளர்கள் கையூட்டு வழங்கும் ஒரு மாதிரியை அதே இதழில் வெளியிட்டார். அதிகம் கொடுப்பவர் முன்னே நிற்பார். பணத்தால் நேரத்தை வாங்குதல் என்னும் செயல் இவ்வாறு கணிதத்தின் பொருளாயிற்று.

லீமன்–சாட்டி விவாதம் எண்களின்றிச் சொற்களாலேயே நடந்தது. அதனை எண்களுக்குக் கொண்டுவந்தவர் இஸ்ரேலின் டெக்னியான் நிறுவனத்தைச் சேர்ந்த பின்ஹாஸ் நாவோர். வரிசையின் நீளத்தைக் கட்டணத்தின் வழி ஒழுங்குபடுத்துவது குறித்த அவருடைய கட்டுரை 1969இல் ‘எகனாமெட்ரிகா’ இதழில் வெளிவந்தது.

4. நாவோரின் மாதிரி

நாவோரின் வாடிக்கையாளர் வரிசையைப் பார்க்கிறார், கணக்கிடுகிறார், பின்னர் சேர்வதா திரும்புவதா என முடிவெடுக்கிறார். சேவையால் அவருக்கு ஒரு குறிப்பிட்ட ஆதாயம் கிடைக்கும். நிலையத்தில் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு குறிப்பிட்ட இழப்பு உண்டு. ஆதாயம் இழப்பைவிடக் குறையாதவரை அவர் சேர்வார்.

இதனை விளக்க ஓர் எடுத்துக்காட்டு இங்கே அமைக்கப்படுகிறது. சேவையின் மதிப்பு 120 ரூபாய். ஒரு நிமிடக் காத்திருப்பின் இழப்பு 10 ரூபாய். ஒருவருக்குச் சேவை வழங்கச் சராசரியாக 1 நிமிடம். சராசரியாக நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார். முன்னே 11 பேர் இருப்பதைக் காண்பவர், தம்முடைய சேவையையும் சேர்த்து 12 நிமிடம் ஆகும் என அறிவார். இழப்பு 120 ரூபாய், ஆதாயமும் 120 ரூபாய். ஆகவே அவர் சேர்வார். 12 பேர் இருந்தால் திரும்புவார். எனவே அவரவர் விருப்பத்துக்கு விட்டால் வரிசையின் எல்லை 12 ஆகும்.

வருகையும் சேவையும் ஒரே வேகத்தில் நிகழ்வதால் வரிசையின் நீளம் 0 முதல் எல்லை வரை எந்த எண்ணாகவும் இருக்கச் சம வாய்ப்புண்டு. எல்லை 12 எனில் வருவோரில் 13க்கு 12 பேர் சேவை பெறுகின்றனர். நிலையத்தில் சராசரியாக 6 பேர் இருக்கின்றனர். நிமிடத்துக்குக் கிடைக்கும் ஆதாயம் 110.77 ரூபாய், காத்திருப்பின் இழப்பு 60 ரூபாய், நிகர நலன் 50.77 ரூபாய். எல்லையை 4 ஆகக் குறைத்தால் ஐவரில் நால்வரே சேவை பெறுவர். ஆதாயம் 96 ரூபாயாகக் குறையும். ஆனால் நிலையத்தில் சராசரியாக இருவரே இருப்பதால் இழப்பு 20 ரூபாயே. நிகர நலன் 76 ரூபாய். எல்லையை 3 அல்லது 5 என வைத்தால் கிடைப்பது 75 ரூபாய். ஆகவே சமூகத்துக்கு உகந்த எல்லை 4.

தனிமனிதர் 12 வரை செல்லக் காரணம் அவருடைய அறியாமையன்று. அவர் தமக்கு முன்னிருப்போரால் தாம் அடையும் தாமதத்தைச் சரியாகவே கணக்கிடுகிறார். தமக்குப் பின் வருவோருக்குத் தாம் விளைவிக்கும் தாமதம் மட்டும் அவருடைய கணக்கில் இடம்பெறுவதில்லை. அதனைக் கட்டணமாக அவர்மீது சுமத்தலாம் என்பது நாவோரின் தீர்வு. இவ்வெடுத்துக்காட்டில் 70 ரூபாய்க்கு மேற்பட்டு 80 ரூபாய்க்கு மிகாத கட்டணம் வரிசையை 4 பேரோடு நிறுத்தும்.

கட்டணம் விதிப்பவர் தம் வருவாயை மட்டுமே பெருக்க முனைந்தால் 90 ரூபாய் கேட்பார். அப்போது எல்லை 3 ஆகும். வருவாய் நிமிடத்துக்கு 67.50 ரூபாய். வருவாயைப் பெருக்கும் எல்லை சமூகத்துக்கு உகந்த எல்லையை மிஞ்சாது, சமூகத்துக்கு உகந்தது தனிமனிதர் தாமே தேரும் எல்லையை மிஞ்சாது என்பது நாவோரின் பொதுமுடிவு. 3, 4, 12 என்னும் எண்கள் அவ்வரிசையிலேயே அமைகின்றன.

5. நலனின் பங்கீடு

நாவோரின் கணக்கில் கட்டணம் இழப்பாகக் கருதப்படுவதில்லை. அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுவதால் சமூகத்தின் கூட்டுத்தொகையில் மாற்றம் இல்லை. கூட்டுத்தொகை என்ற அளவில் இது சரியே. அத்தொகை எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை நோக்கினால் வேறொரு காட்சி புலப்படுகிறது.

80 ரூபாய்க் கட்டணத்தில் நிமிடத்துக்குச் சராசரியாக 64 ரூபாய் வசூலாகும். நிகர நலனான 76 ரூபாயில் இதனைக் கழித்தால் வாடிக்கையாளரிடம் எஞ்சுவது 12 ரூபாய். கட்டணம் 70 ரூபாயை ஒட்டியே இருந்தாலும் அவர்களிடம் எஞ்சுவது ஏறத்தாழ 20 ரூபாய்தான். கட்டணமே இல்லாதபோது, வரிசை நீண்டிருந்தும், அவர்கள் 50.77 ரூபாய் நலனைப் பெற்றிருந்தனர். சமூக நலன் ஏறத்தாழ பாதியளவு உயர்ந்த அதே மாற்றத்தில், வரிசையில் நிற்பவரின் நலன் பாதிக்கும் கீழே வீழ்கிறது. வசூலான தொகை வாடிக்கையாளர்களுக்கே ஏதேனும் ஒரு வடிவில் திரும்பினால்தான் ‘சமூகம்’ பெற்ற ஆதாயம் அவர்களுடைய ஆதாயமாகும். கட்டணத்தைக் கணக்கிடும் சமன்பாட்டில் இந்நிபந்தனைக்கு இடமில்லை.

பின்வந்த ஆய்வுகள் இச்சிக்கலை வேறு கோணங்களில் வெளிப்படுத்தின. எடல்சன், ஹில்டபிராண்ட் ஆகியோர் 1975இல், வாடிக்கையாளர் வரிசையின் நீளத்தைக் காண இயலாத நிலையை ஆராய்ந்தனர். அங்கே முற்றுரிமையாளர் தம் இலாபத்துக்காக விதிக்கும் கட்டணமும் சமூகத்துக்கு உகந்த கட்டணமும் ஒன்றாகின்றன. முதல் நோக்கில் இது முற்றுரிமைக்கு நற்சான்று போலத் தோன்றும். காரணத்தை ஆராய்ந்தால் அத்தோற்றம் மறைகிறது. வருவோர் போதிய அளவில் இருப்பின், சேர்வதால் எந்த ஆதாயமும் எஞ்சாத நிலை வரும்வரை புதியவர் சேர்ந்துகொண்டே இருப்பர். கட்டணம் இல்லையெனில் நலன் முழுவதும் காத்திருப்பில் கரைகிறது. கட்டணம் இருந்தால் அது முழுவதும் வசூலிப்பவரைச் சேர்கிறது. இரு நிலையிலும் வாடிக்கையாளரின் பங்கு சுழியம்.

ரஃபாயேல் ஹாசின் 1985இல் கட்டணமே இல்லாத ஒரு தீர்வைக் காட்டினார். இறுதியாக வருபவருக்கு, நடந்துகொண்டிருக்கும் சேவையையும் நிறுத்தி, முதலில் சேவை வழங்க வேண்டும் என்பது அவர் ஆராய்ந்த ஒழுங்கு. இதில் வரிசையின் கடைசியில் தள்ளப்பட்டவரே தொடர்வதா விலகுவதா என முடிவெடுக்கிறார். இனி வருவோர் எல்லாரும் அவரை முந்துவதால், அவர் நிற்பது யாரையும் தாமதப்படுத்தாது. ஆகவே அவருடைய சொந்தக் கணக்கும் சமூகத்தின் கணக்கும் ஒன்றாகின்றன. மேற்கண்ட எடுத்துக்காட்டில் வரிசை தானாகவே 4 பேரோடு நிற்கும். 76 ரூபாயும் வாடிக்கையாளரிடமே தங்கும். விலகியவர் புதியவர்போல மீண்டும் நுழைவதைத் தடுக்க வேண்டும் என்பது நடைமுறைத் தடை. அதனினும் பெரிய தடை, முன்வந்தவருக்கே முன்னுரிமை என்னும் நீதியுணர்வு. கூட்டுத்தொகைக்குத் தீங்கு செய்யும் ஒழுங்கையே மக்கள் நேர்மையானதாகக் கொள்கின்றனர். அவர்களுடைய மதிப்பீட்டில் நிமிடமும் ரூபாயும் தவிர வேறொன்றும் இருக்கிறது என்பதையே இது காட்டுகிறது.

6. மாதிரியிலிருந்து வாக்கெடுப்புக்கு

நாவோர் ஆராய்ந்த அதே புறவிளைவு நகரச் சாலைகளிலும் உண்டு. நெரிசலான சாலையில் நுழையும் ஒவ்வொரு வாகனமும் பிறரைத் தாமதப்படுத்துகிறது. சிங்கப்பூர் 1975இலும் இலண்டன் 2003இலும் நகர மையத்துக்குள் நுழையும் வாகனங்களுக்குக் கட்டணம் விதித்தன. இலண்டனில் நிகர வருவாயைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் எனச் சட்டம் வரையறுத்தது. ஆனால் வேறு சில நகரங்களில் இம்முடிவு மக்களின் வாக்குக்கு விடப்பட்டது.

மேற்கண்ட எடுத்துக்காட்டின் வாடிக்கையாளர்களிடமே வாக்கெடுப்பு நடத்தினால் நிகழ்வதென்ன? அனைவரும் ஒரே தன்மையினராதலால் ஒருமித்தே வாக்களிப்பர். கட்டணம் திரும்ப வராதெனில் 50.77 ரூபாயை விட்டு 12 ரூபாயை ஏற்க யாரும் முன்வரார். திட்டம் ஒருமனதாக வீழும். முழுவதும் சமமாகத் திரும்புமெனில் அதே திட்டம் ஒருமனதாக வெல்லும். வரிசையின் நீளமும் கட்டணமும் இரு நிலையிலும் ஒன்றே. முடிவை மாற்றுவது பங்கீடு ஒன்றே.

மெய்யான நகரங்களில் மக்கள் ஒரே தன்மையினர் அல்லர். விருப்பங்கள் வேறுபடும்போது அவற்றை ஒரே கூட்டு விருப்பமாகத் தொகுக்கும் முறைகளின் வரம்பைக் கென்னத் ஆரோ 1951இலேயே நிறுவியிருந்தார். மூன்றோ அதற்கு மேலோ தெரிவுகள் இருக்கையில், சில எளிய நியாயமான நிபந்தனைகள் அனைத்தையும் ஒருசேர நிறைவேற்றும் தொகுப்பு முறை எதுவும் இல்லை என்பது அவர் முடிவு. ரூபாய்களைக் கூட்டிப் பெறும் ‘சமூகம்’ வேறு, வாக்குகளை எண்ணிப் பெறும் ‘சமூகம்’ வேறு என்பதை இதனால் உணரலாம்.

எடின்பரோ நகரில் 2005 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் நெரிசல் கட்டணத்தை நிராகரித்தனர். வருவாய் போக்குவரத்து மேம்பாட்டுக்கே செலவிடப்படும் என்று அங்கும் கூறப்பட்டிருந்தது. ஸ்டாக்ஹோம் நகரில் முறை வேறாக இருந்தது. 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை கட்டணம் சோதனையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. கட்டண எல்லையைக் கடக்கும் போக்குவரத்து ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. செப்டம்பர் 17 அன்று நடந்த வாக்கெடுப்பில் நகர மக்களில் சிறு பெரும்பான்மையினர் அதனை ஆதரித்தனர். தனியே வாக்கெடுப்பு நடத்திய அண்டை நகராட்சிகளில் எதிர்ப்பே மிகுந்திருந்தது. 2007 ஆகஸ்டில் கட்டணம் நிலையான ஏற்பாடாயிற்று. வருவாய் அப்பகுதியின் சாலை முதலீட்டுக்கு ஒதுக்கப்பட்டது.

இரு நகரங்களின் வேறுபாட்டை ஒரே காரணத்தால் விளக்குவது பொருந்தாது. எனினும் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. ஒன்று, வருவாயைத் திருப்பித் தருவதாகச் சொல்வது மட்டும் வாக்காளரை இணங்கச் செய்யப் போதுமானதன்று; ஸ்டாக்ஹோம் மக்கள் பயனை முதலில் கண்டு பின்னரே வாக்களித்தனர். மற்றொன்று, எல்லைக்கு உள்ளே வாழ்வோரும் வெளியே வாழ்வோரும் ஒரே கட்டணத்தை வேறுவேறாக மதிப்பிட்டனர். கூட்டுத்தொகை அவ்வேறுபாட்டை மறைத்துவிடும். வாக்கெடுப்பு அதனை வெளிக்கொணர்ந்தது.

முடிவுரை

எர்லாங்கின் கணக்கில் வாடிக்கையாளர் ஓர் அழைப்பு. ஹெய்ட்டின் கணக்கில் அவர் பொறுமைக்கு எல்லையுள்ளவர். நாவோரின் கணக்கில் ஆராய்ந்து முடிவெடுப்பவர். ஒவ்வொரு படியிலும் மாதிரி மனிதரை நெருங்கி வந்துள்ளது. ஆயினும் அவர் முடிவெடுக்கும் உரிமை பெற்ற 1969ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே, அவருக்குரிய பங்கு ‘சமூக நலன்’ என்னும் ஒரே எண்ணுக்குள் மறைந்தது. வரிசையைக் குறைக்கும் கட்டணத்தை முன்மொழிவோர், நலன் எவ்வளவு உயர்கிறது என்பதோடு, அது காத்திருப்பவரிடம் எவ்வளவு தங்குகிறது என்பதையும் தனியே கணக்கிட்டுக் காட்ட வேண்டும். அதற்குப் புதிய கணிதம் தேவையில்லை. மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது ஒரேயொரு கழித்தல்தான். அக்கழித்தலைச் செய்யாமல் விட்டால், அதனை வாக்காளர்கள் தாமே செய்துகொள்வர்.